இத்துனூண்டு ஜீவனுக்கு எதுக்குய்யா ஸ்கேனு?

டிஸ்கி: இது மொக்கைப் பதிவு இல்லை. கொஞ்சம் கோபத்துல எழுதறது. நீளமும் ஜாஸ்தி. ஆபீஸ்ல ஆணி அதிகம் இருக்கறவங்க ராத்திரி சாப்ட்டுட்டு வந்து படிங்க. சாப்பிட்டுக்கிட்டே படிக்க வேண்டாம்.

எங்க வீட்டு முள்ளெலி செத்துப்போய் அஞ்சு வாரம் ஆச்சு. பேரு குண்டூசி. பொண்ணு. வயசு மூணரை. நல்லா இருந்த காலத்துல எடை 420 கிராம். செத்தது கர்ப்பப்பையில வளர்ந்த கட்டியால. அதுக்கு முன்னாடி மூணு மாசம் நாங்க குடுத்த மருந்து மூத்திரப்பைத் தொற்றுக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு, யாரு என்ன சொன்னாங்க, ஏன் யாருமே உள்ளே எட்டிப் பாக்கலைங்கறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு பஞ்சாயத்தை முடிச்சுடறேன். "முள்ளம்பன்றியை எல்லாமாடா வீட்டுல வளப்பீங்க"ன்னு போன்ல கேட்ட மாப்ளைக்கும், இனிமே கேக்கப்போறவங்களுக்கும்: முள்ளம்பன்றி வேற, முள்ளெலி வேற. முள்ளம்பன்றி கொறிக்கிற சாதி, எலிக்கும் அணிலுக்கும் ஒண்ணுவிட்ட உறவு. முள்ளெலி பேருலதான் எலி இருக்கு, ஆனா அது மூஞ்சூறுக்குச் சொந்தம். புழு பூச்சி தின்னும். மிரண்டா பந்து மாதிரி சுருண்டுக்கும். முள்ளு கழண்டு வந்து குத்தாது.

நம்ம ஊர்லயும் முள்ளெலி உண்டு மக்கா. தெக்கத்திச் சீமையில, வறண்ட முள்ளுக்காட்டுல, ராத்திரி மட்டும் வெளிய வரும். எங்க ஆச்சி வீட்டுப் பரண்ல முள்ளெலித் தோலு ஒண்ணு காஞ்சு கிடக்கும். தெருவுல யாரு வீட்டுப் பிள்ளைக்காவது கக்குவான் இருமல் வந்தா ரெண்டு முள்ளைச் சுட்டுத் தேன்ல குழைச்சு நாக்குல தடவுவாங்க. அங்க மருந்தா அரைச்ச பிராணிக்கு இங்க வந்து மருந்து தேடி அலைஞ்சேன் பாருங்க, அதான் விதி.

இங்க அமெரிக்காவுல வளக்கறது ஆப்பிரிக்கக் குட்டை முள்ளெலி. கலிஃபோர்னியா, ஹவாய், நியூயார்க் நகரம் இங்கெல்லாம் வளக்கத் தடை. நாங்க இருக்கற டெக்சாஸ்ல தடையில்லை. மகளோட பத்தாவது பொறந்தநாளுக்கு வாங்கினது. "நாய் வேணும்"னு ஆரம்பிச்சா. தங்கமணியும் நானும் பேரம் பேசிப் பேசி முள்ளெலில வந்து நின்னோம். அப்போ சின்ன பிராணி, சின்ன செலவுன்னு நெனைச்சோம். அந்த நெனைப்புக்குத்தான் இப்போ பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்.

கதை இவ்ளோதான்

ஒருநாள் காலைல குண்டூசி ஓடற சக்கரத்துல ரோஸ் கலர்ல கறை. முள்ளெலி ராத்திரி பூரா சக்கரத்துல ஓடும். ஓடிக்கிட்டே ஒண்ணுக்கும் போகும். வெள்ளைச் சக்கரம்கறதால பளிச்சுன்னு தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினோம். நாய், பூனைக்கு நல்ல கைராசின்னு பேரு வாங்கினவர். குண்டூசி அவரைப் பாத்ததும் சுருண்டுக்கிச்சு. அவரு ஒரு நிமிஷம் பந்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மூத்திரத்தை டெஸ்ட் பண்ணினாரு, ரத்தம் இருக்குன்னு வந்துச்சு. "தொற்றுதான்"னு ஆன்டிபயாட்டிக் எழுதினாரு.

"ஸ்கேன் எடுத்துப் பாக்கலாமா?"ன்னு கேட்டேன். சிரிச்சாரு. "இத்தனை சின்ன பிராணிக்கா? அந்தக் காசுக்கு இன்னும் ரெண்டு முள்ளெலி வாங்கிடலாமே"ன்னாரு.

பத்து நாள் மருந்து. ரத்தம் நின்னுச்சு. எங்களுக்கு சந்தோஷம். மூணு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம். மறுபடி வேற ஆன்டிபயாட்டிக். மறுபடி நின்னுச்சு. மூணாவது தடவை ரத்தம் வந்தப்போ குண்டூசி சக்கரத்துல ஏறவே இல்லை. எடை குறையுது, ஆனா வயிறு பெருசாகுது. அப்பவும் மருந்து மாறுச்சே தவிர வைத்தியம் மாறலை.

இங்கதான் விஷயமே இருக்கு. கர்ப்பப்பைக் கட்டியில இருந்து வர்ற ரத்தம் விட்டு விட்டு வரும். மருந்து குடுத்தாலும் சில நாள் நிக்கும், குடுக்காட்டியும் சில நாள் நிக்கும். மூத்திரமும் அந்த ரத்தமும் வெளிய வர்ற வாசல் ஒண்ணுதான். அதனால மூத்திரத்துல ரத்தம்னுதான் ரிப்போர்ட் சொல்லும், எங்க இருந்து வந்த ரத்தம்னு சொல்லாது. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்துச்சு. நாங்க காக்காவுக்கு மூணு தடவை காசு குடுத்தோம்.

நாலாவதா வேற டாக்டர். ஊர்ல இருந்து ஒண்ணரை மணி நேரம் கார்ல போகணும். முயல், கிளி, முள்ளெலி மாதிரி பிராணிகளை மட்டும் பாக்கறவங்க. கதையைக் கேட்டாங்க. "வயசான பெண் முள்ளெலி, ரத்தம் போகுதுன்னா நான் முதல்ல கர்ப்பப்பையைத்தான் சந்தேகப்படுவேன். இன்னைக்கே பாத்துடலாம்"னாங்க. அன்னைக்கே பாத்தாங்க. ஒரு மணி நேரத்துல மூணு மாசப் புதிர் அவிழ்ந்துச்சு. கர்ப்பப்பையோட ஒரு கொம்புல ரெண்டரை சென்டிமீட்டர் கட்டி. வயித்துக்குள்ள திரவம். ரத்தத்துல சிவப்பணு இருக்க வேண்டியதுல பாதிகூட இல்லை.

"ஆபரேஷன் பண்ணலாம். ஆனா இந்த ரத்தத்தோட மேசையிலயே போயிடற வாய்ப்புதான் ஜாஸ்தி"ன்னு டாக்டரம்மா நேராச் சொன்னாங்க. ஒரு ராத்திரி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். மறுநாள் வலியில்லாம அனுப்பி வச்சோம். அப்புறமா கட்டியை எடுத்து லேபுக்கு அனுப்பினாங்க. புற்றுதான். வேற எங்கயும் பரவலை.

வேற எங்கயும் பரவலை. இந்த ஒரு வரிதான் என்னைத் தூங்க விடலை.

முதல் வாரமே ஆபரேஷன் பண்ணியிருந்தா பொழைச்சிருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கர்ப்பப்பையை எடுத்த பிறகு நல்லபடியா இருந்த முள்ளெலிகளைப் பத்தி மருத்துவ இதழ்கள்ல பதிவு இருக்கு. குண்டூசிக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்துச்சு. அந்தச் சந்தர்ப்பத்தை நாங்க மூணு பாட்டில் மருந்துல கரைச்சோம்.

"கையால தொட்டுப் பாத்தா தெரியாதா?"

தெரியாது. சொல்றேன்.

முள்ளெலிக்குத் தோலுக்கு அடியில உடம்பைச் சுத்தி ஒரு வளையத் தசை இருக்கு. நம்ம பாட்டிமாரோட சுருக்குப்பை ஞாபகம் இருக்கா? கயித்தை இழுத்தா வாய் மூடிக்கும்ல, அதே வேலைதான். அந்தத் தசை இறுகினா தலை, கால், வயிறு எல்லாம் உள்ள போயிடும். வெளிய முள்ளு மட்டும் நிக்கும். முழிச்சிருக்கற முள்ளெலியோட வயித்துல கையை வச்சு "கட்டி இருக்கு", "கட்டி இல்லை"ன்னு சொல்றவர் சுருக்குப்பையைத் தொறக்காமலே உள்ள எவ்ளோ சில்லறை இருக்குன்னு சொல்றவர் மாதிரி.

அதையும் தாண்டி வயித்தைத் தொட்டாலும், வீட்டு முள்ளெலிகள்ல நிறைய குண்டு. வயித்துக்குள்ள கொழுப்பு கட்டி மாதிரியே திரண்டிருக்கும். மலச்சிக்கல் கட்டி மாதிரி இருக்கும். நிறைஞ்ச மூத்திரப்பை கட்டி மாதிரி இருக்கும். ஈரல் கொழுப்பேறி வீங்கியிருக்கும். இதயம் பலவீனமாகி வயித்துல நீர் கோத்திருக்கும். கம்பள நூலை முழுங்கி குடல் அடைச்சிருக்கும். சினையாக்கூட இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற. இதுல கைக்கு மட்டும் எப்படி ஞானம் வந்துடும்?

எக்ஸ்ரே என்ன சொல்லும், என்ன சொல்லாது

முதல்ல மயக்கம் குடுக்கணும். சின்னப் பெட்டியில வச்சு ஐசோஃப்ளூரேன் வாயுவை விடுவாங்க. சுருக்குப்பை தானா அவிழும். பக்கவாட்டுல படுக்க வச்சு, முதுகுத் தோலை முள்ளோட சேத்து மேல தூக்கி கிளிப்பு போட்டுப் பிடிச்சுக்குவாங்க. இல்லாட்டி படம் பூரா முள்ளுக்கோடுதான் விழும்.

எக்ஸ்ரேக்கு எலும்பு தெரியும், காத்து தெரியும், மூத்திரக் கல்லு தெரியும். குடல் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்குன்னு தெரியும். நுரையீரல்ல புள்ளி புள்ளியா ஏதாவது இருக்கான்னு ஓரளவு தெரியும். குண்டூசிக்குக் குடல் பூரா முன்பக்கம் ஒதுங்கியிருந்துச்சு. அடிவயித்துல எதுவோ இடத்தைப் பிடிச்சிருக்குன்னு அது சொன்ன சேதி. ஆனா அந்த எதுவோ என்னதுன்னு எக்ஸ்ரே சொல்லாது. கட்டியும் திரவமும் அதுக்கு ஒரே சாம்பல் நிறம்தான். வயித்துல திரவம் சேந்துட்டா பனிமூட்டத்துல மரம் எது மனுசன் எதுன்னு தெரியாத கதை.

"சின்ன பிராணிக்கு ஸ்கேன் சரியா தெரியாதுங்க"

இது ரெண்டாவது புருடா. இதைச் சொல்றவங்களை எனக்குப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது.

முள்ளெலிக்கு முதுகு பூரா முள்ளு இருந்தாலும் வயிறு மெத்துன்னு ரோமம்தான். மயக்கத்துல மல்லாக்கப் படுக்க வச்சா ஸ்கேன் கருவியை வைக்க சன்னல் தொறந்த மாதிரி இடம் கிடைக்குது. அப்புறம் அல்ட்ராசவுண்டுல ஒரு கணக்கு இருக்கு. அதிர்வெண் கூடக் கூட படம் துல்லியமாகும், ஆனா ஆழம் போகாது. யானை மாதிரி உடம்புள்ள ஆளுக்கு (என்னைத்தான் சொல்றேன் :-)) ஆழம் வேணும், அதனால துல்லியத்தை விட்டுக்குடுக்கணும். முள்ளெலி வயித்தோட ஆழமே ரெண்டு விரக்கடை. அதனால அதிர்வெண் அதிகமான புரோபை வச்சு நுணுக்கமாப் பாக்க முடியும். சின்ன உடம்புங்கறது இந்த ஒரு விஷயத்துல குறையே இல்லை, வசதி.

டாக்டரம்மா எனக்குத் திரையில காட்டினாங்க. இது மூத்திரப்பை, சுவர் ஒழுங்கா இருக்கு, கல்லும் இல்லை கட்டியும் இல்லை. மூணு மாசமா நாங்க மருந்து ஊத்தின மூத்திரப்பை பாவம் சும்மா இருந்திருக்கு. இது கிட்னி, நல்லா இருக்கு. இதோ கர்ப்பப்பைக் கொம்பு, இதுல இருந்துதான் கட்டி கெளம்புது, நடுநடுவுல குட்டிக் குட்டியா நீர்ப்பைகள். எந்த உறுப்புல இருந்து முளைச்சிருக்கு, கெட்டியா இருக்கா நீரா இருக்கா, ஒரு இடமா பல இடமா. இந்த மூணு கேள்விக்கும் பதில் தெரிஞ்சாத்தான் கத்தி எடுக்கலாமா வேண்டாமான்னே முடிவு பண்ண முடியும்.

சி.டி. ஸ்கேன் அதுக்கும் மேல ஒரு படி. நுரையீரலுக்குப் பரவியிருக்கா, கட்டி எந்த ரத்தக்குழாயோட ஒட்டியிருக்குன்னு ஆபரேஷனுக்கு முன்னாடி பாக்கணும்னா நல்லது. ஆனா எல்லா ஊர்லயும் கிடைக்காது, காசும் ஜாஸ்தி. எல்லாரும் சி.டி. எடுங்கன்னு நான் சொல்லலை. புரோபை எடுத்து வயித்துல வைக்கக்கூட மனசு வராததைத்தான் கேக்கறேன்.

நேர்மையா இன்னொண்ணும் சொல்லிடறேன். ஸ்கேன் கடவுள் இல்லை. கட்டி இருக்குன்னு சொல்லும், அது புற்றா இல்லையான்னு அடிச்சுச் சொல்லாது. அதுக்கு ஊசி போட்டு செல்லை எடுக்கணும், இல்லை அறுத்து எடுத்து மைக்ராஸ்கோப்ல பாக்கணும். குண்டூசிக்கு மண்ணீரலும் பெருசாத் தெரிஞ்சுது. நான் பதறினேன். "முள்ளெலிக்கு மண்ணீரல்ல ரத்த அணு உருவாகறது சகஜம். ரத்தம் போனதால அது கூடுதலா வேலை பாக்குது. பெருசா இருக்கறதுக்காகவே கட்டின்னு சொல்ல மாட்டேன்"னாங்க. பாக்கத் தெரிஞ்சவங்க பாக்கணும்கறதும் இதுல அடக்கம். மயக்க மருந்துலயும் அபாயம் இல்லாம இல்லை. இவ்ளோ சின்ன உடம்பு சீக்கிரம் குளுந்து போயிடும், சூடு குடுத்துக்கிட்டே பண்ணணும். அபாயத்தைச் சொல்லிட்டு "பண்ணலாமா?"ன்னு கேக்கறவங்களை நான் கும்பிடறேன். அபாயத்தைக் காரணம் காட்டிப் பாக்காமயே மருந்து எழுதறவங்களைத்தான் கும்பிட முடியலை.

ஒரு பாய்லர் கம்பெனிக் கதை

அல்ட்ராசவுண்டுன்னா நமக்கெல்லாம் பாப்பா ஸ்கேன்தான் ஞாபகம் வரும். ஆனா இந்தக் கருவி மருத்துவத்துக்குள்ள வந்த கதையில வயித்துக் கட்டிதான் முன்னாடி நிக்குது.

கிளாஸ்கோவுல இயான் டொனால்டுனு ஒரு பிரசவ மருத்துவப் பேராசிரியர். பாய்லர் செய்யற கம்பெனியில இரும்புக்குள்ள விரிசல் இருக்கான்னு ஒலி அலையை விட்டுப் பாக்கறாங்கன்னு கேள்விப்பட்டாரு. 1955 ஜூலையில, ஆபரேஷன்ல எடுத்த நார்க்கட்டி, சூலகக் கட்டி எல்லாத்தையும் ரெண்டு கார் டிக்கியில அள்ளிப் போட்டுக்கிட்டு அந்தக் கம்பெனிக்கே போயிட்டாரு. ஒப்பிட்டுப் பாக்க கம்பெனிக்காரங்க குடுத்தது ஒரு பெரிய மாட்டுக்கறித் துண்டு. நீர்க்கட்டிக்கு ஒரு மாதிரி, கெட்டிக் கட்டிக்கு வேற மாதிரி எதிரொலி வருதுன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

1958-ல அவரும் ஜான் மெக்விக்கரும் டாம் பிரவுனும் சேந்து லான்செட் இதழ்ல எழுதின கட்டுரையோட தலைப்பே வயிற்றுக் கட்டிகளை ஒலி அலையால ஆராயறதைப் பத்தினதுதான். அந்த ஆராய்ச்சியில ஒரு பொம்பளையோட கதை வரும். வயிறு வீங்கியிருக்கு, இரைப்பைப் புற்று, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு முடிவு பண்ணியிருந்தாங்க. டொனால்டு கருவியை வச்சுப் பாத்தா உள்ள இருந்தது ஒரு பெரிய சூலக நீர்க்கட்டி. எடுத்தாங்க. அந்தம்மா பொழைச்சாங்க.

யோசிச்சுப் பாருங்க. அந்த வயித்தையும் எத்தனையோ அனுபவசாலிக் கைகள் தொட்டுப் பாத்துத்தான் இருந்துச்சு. கை தப்பாச் சொன்னதைக் கருவி திருத்துச்சு. அதுக்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல ஆகியும் "தொட்டுப் பாத்தேன், தெரியும்"னு ஒருத்தர் என்கிட்ட சொல்றாருன்னா, நான் எங்க போய் முட்டிக்க?

கணக்கு பாக்கறவங்களுக்கு ஒரு கணக்கு

"ஸ்கேன் காசுக்கு ரெண்டு முள்ளெலி" கணக்கு சொன்னாருல்ல, நானும் பில்லை எல்லாம் எடுத்து வச்சுக் கூட்டினேன். பாக்காம குடுத்த வைத்தியம் மூணு தடவைக்கும்: 165, 120, 135. மொத்தம் 420 டாலர். பாத்த வைத்தியம்: மயக்கம் 90, எக்ஸ்ரே 130, அல்ட்ராசவுண்ட் 240. மொத்தம் 460 டாலர். வித்தியாசம் 40 டாலர். ஆறு பீட்சா வராது அதுக்கு.

பாக்காம இருக்கறது சிக்கனம்னு யாரு சொன்னது? தவணையில கட்டற செலவு அது, அவ்ளோதான்.

இதுல இன்னொரு விவரம். 2001-ல வந்த ஓர் ஆய்வுல 66 முள்ளெலிகளைப் பரிசோதிச்சிருக்காங்க. அதுல 35-க்குக் கட்டி. பெரும்பாலானது கெட்ட கட்டி. இதெல்லாம் நோயியல் மேசைக்கு வந்த கேசுங்க, அதனால ஊர்ல உள்ள முள்ளெலியில பாதிக்குப் புற்றுன்னு இதை வச்சுச் சொல்லக்கூடாது. ஆனா மூணு வயசு தாண்டின முள்ளெலி நோய்னு வந்தா கட்டியை நெனைக்காம இருக்கறது மழைக்காலத்துல குடையை மறக்கற மாதிரி. இது ரகசியம் இல்லை, இருபது வருஷத்துக்கு மேல அச்சுல இருக்கற விஷயம்.

"மனுசனுக்கே ஸ்கேன் இல்லாத ஊர்ல..."

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். ஒரு நண்பர் போன்லயே கேட்டுட்டாரு. "நம்ம ஊர்ல தாய்மாருக்கே ஸ்கேன் கிடைக்கல, நீ முள்ளெலிக்கு ஒப்பாரி வைக்கிறியே"ன்னு. நியாயமான கேள்வி. மழுப்பாம பதில் சொல்றேன்.

எங்க பெரியம்மா. விளாத்திகுளம் பக்கம். மாதவிலக்கு நின்னு ஆறேழு வருஷம் கழிச்சு மறுபடி ரத்தம் போச்சு. "உடம்புச் சூடு"ன்னாங்க. வெந்தயம் ஊற வச்சுக் குடிச்சாங்க, இளநீர் குடிச்சாங்க. நின்னுச்சு. மறுபடி வந்துச்சு. டவுன்ல ஒரு டாக்டர் மாத்திரை குடுத்தாரு. நின்னுச்சு. மறுபடி வந்துச்சு. "ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?"னு பெரியப்பா கேட்டதுக்கு அவரு சொன்னது, "இந்த வயசுல எதுக்குய்யா ஸ்கேனு?"

ஒண்ணரை வருஷம் கழிச்சு எடுத்தாங்க. கர்ப்பப்பையில கட்டி. அப்போ அது கர்ப்பப்பையில மட்டும் இல்லை.

அந்த வாக்கியத்தை நான் மறந்தே போயிருந்தேன். டெக்சாஸ்ல ஒரு ஏசி ரூம்ல "இத்தனை சின்ன பிராணிக்கா?"ன்னு இன்னொருத்தர் சிரிச்சப்போதான் அது திரும்பி வந்துச்சு. பாஷை வேற, ஊரு வேற, உயிரு வேற. வாக்கியம் ஒண்ணு. முதல்ல இந்த உயிரு எவ்ளோ பெறும்னு மனசுக்குள்ள விலை போட்டுட்டு, அதுக்கப்புறம் பாக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது. கெழவின்னா ஒரு விலை, ஏழைன்னா ஒரு விலை, முள்ளெலின்னா ஒரு விலை.

அதனால முள்ளெலிக்குப் பாத்த ஸ்கேன் எங்க பெரியம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய ஸ்கேனைப் பிடுங்கிக்கலை நண்பரே. ரெண்டு பேரையும் பாக்க விடாமப் பண்ணினது ஒரே புத்திதான். முள்ளெலியையும் எங்க பெரியம்மாவையும் ஒரே தட்டுல வைக்கிறியான்னு கேட்டா, வைக்கலை. அந்த வாக்கியத்தைச் சொன்ன ரெண்டு பேரைத்தான் ஒரே தட்டுல வைக்கிறேன்.

காசு இல்லாதவங்களை நான் குத்தம் சொல்லலை. என்கிட்டயும் காசில்லாத காலம் இருந்திருக்கு. "ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும், முடியாதுன்னா நான் குத்துமதிப்பாத்தான் மருந்து குடுக்கறேன், சரியில்லைன்னா உடனே வாங்க"ன்னு ஒரு டாக்டர் சொன்னா அவரு காலைத் தொட்டுக் கும்பிடலாம். ஸ்கேன் எடுக்காதது குத்தமில்லை. எடுக்காமலே தெரிஞ்ச மாதிரி பேசறதுதான் குத்தம்.

என் மேலயும் குத்தம் இருக்கு. ரெண்டாவது தடவை ரத்தம் வந்தப்பவே நான் வேற டாக்டரைத் தேடியிருக்கணும். அந்த 240 டாலரை நெனைச்சு நானும் உள்ளுக்குள்ள கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்தேன். அதையும் எழுதலைன்னா இந்தப் பதிவு பொய்.

வளக்கறவங்க செய்ய வேண்டியது

1. முள்ளெலி வாங்கறதுக்கு முன்னாடி முள்ளெலி பாக்கத் தெரிஞ்ச டாக்டர் எத்தனை மைல்ல இருக்காருன்னு பாருங்க. நம்ம ஊர் கடைகள்ல ஆப்பிரிக்க முள்ளெலி வாங்க ஆசைப்படறவங்களுக்கும் இதேதான். டாக்டர் இல்லைன்னா வாங்காதீங்க. காட்டுல இருக்கற நம்ம முள்ளெலியைப் பிடிச்சு வளக்கற யோசனையே வேண்டாம், அதைக் காட்டுலயே விடுங்க.

2. வாரம் ஒருநாள் சமையக்கட்டுத் தராசுல எடை போட்டு நோட்டுல எழுதுங்க. வயிறு பெருசாகி எடை குறைஞ்சா ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க.

3. சக்கரமும் விரிப்பும் வெளிர் நிறத்துல இருக்கட்டும். ரத்தம் கண்ணுல படணும்.

4. பெண் முள்ளெலின்னா, ரத்தம் வந்த முதல் தடவையே கேளுங்க: "இது மூத்திரப்பையில இருந்து வருதா, கர்ப்பப்பையில இருந்து வருதா? எதை வச்சுச் சொல்றீங்க?" ரெண்டாவது கேள்விதான் முக்கியம். குட்டியா ஆரோக்கியமா இருக்கும்போதே கர்ப்பப்பையை எடுத்துடலாமான்னும் கேட்டு வச்சுக்குங்க.

5. மருந்து குடுத்து நின்னு மறுபடி வந்துச்சுன்னா, அடுத்த மருந்துக்கு முன்னாடி படம். சண்டை போட்டாவது.

குண்டூசி போன அன்னைக்கு மக அழுதுக்கிட்டே காருல ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அப்பா, அந்த டாக்டரம்மா பாத்த மாதிரி முதல் டாக்டர் ஏன் பாக்கலை?"

நானும் தங்கமணியும் முன்சீட்டுல உக்காந்திருந்தோம். ஒண்ணரை மணி நேர ரோடு. வீடு வர்ற வரைக்கும் எனக்குப் பதில் வரலை. இந்தப் பதிவு அவளுக்கான பதில். தமிழ் படிக்கக் கத்துக்கிட்டு இருக்கா, ஒருநாள் படிப்பா.

பி.கு.: அந்த முதல் டாக்டர் பேரைக் கேட்டு மெயில் அனுப்பாதீங்க, சொல்ல மாட்டேன். அவரு கெட்டவரும் இல்லை. டாக்டரம்மா குடுத்த ரிப்போர்ட்டை அவருக்கு அனுப்பி வச்சேன். "அடுத்த தடவை பாப்பேன்"னு ஒரு வரி பதில் வந்துச்சு. பாப்பாருன்னு நம்பறேன்.

பி.பி.கு.: முள்ளெலி, வெள்ளெலி, முயல் வளக்கற பதிவர்கள் யாராவது இருந்தா, உங்க ஊர்ல ஸ்கேன் எடுக்க எவ்ளோ தூரம் போகணும்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் சொந்தப் பேருல வந்து திட்டுங்க :-)